இஞ்சின் ரூம் கேள்வி பதில்: 24 அடி க்ரூசருக்குள்ள லாரி இஞ்சின்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதி வழக்கம்போல பம்ப்செட்டும் புல்லட்டும்தான். ஆனா திருநகர்ல இருந்து ஒரு தம்பி போட்டு (படகு) பத்தி மூணு பக்கம் எழுதிருக்காரு. கடலே இல்லாத ஊர்ல இருந்து இம்புட்டு விவரமா ஒரு போட்டுக் கேள்வி வர்றது அபூர்வம்ங்கிறதால அதுக்கே பாதி இடத்துக்கு மேல குடுத்துட்டேன், கூடவே தேங்கிக் கிடந்த மத்த போட்டுக் கேள்விகளையும் சேத்தாச்சு. பம்ப்செட்டுக்காரங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: அண்ணே வணக்கம். கொச்சியில ஒரு பழைய கேபின் க்ரூசர் விலைக்கு வந்துச்சு, 24 அடி, ஃபைபர் பாடி, 1980கள்ல அமெரிக்காவுல செஞ்சது, உள்ள ரெண்டு பேர் படுக்கலாம், சின்னதா ஒரு அடுப்பு மேடையும் இருக்கு. ஆசையில வாங்கி ட்ரெய்லர்ல ஏத்திக் கொண்டாந்து கப்பலூர் பக்கம் சொந்தக்காரர் செட்டுல நிப்பாட்டிருக்கேன். இதுல வரும்போது பெட்ரோல் வி8 இஞ்சின், 260 ஹெச்பி, பின்னாடி மெர்க்ரூஸர் ஆல்ஃபா ஒன் ஸ்டெர்ன் டிரைவு (இஞ்சின் போட்டுக்குள்ள, கியரும் புரொப்பல்லரும் இருக்குற கால் மட்டும் பின்னாடி வெளிய). எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் பெட்ரோல் கட்டுபடியாகலன்னு வி8-ஐ கழட்டிட்டு ஒரு சின்ன லாரியோட 4 சிலிண்டர் டீசலை உள்ள எறக்கிருக்காரு, 85 ஹெச்பி, 3,000 ஆர்பிஎம். டிரைவும் புரொப்பல்லரும் பழசேதான், புரொப்பல்லர்ல 15 பிட்ச்னு (வழுக்காம இருந்தா ஒரு சுத்துக்கு 15 இஞ்ச் முன்னாடி போகும்) அடிச்சிருக்கு. மண்டபத்துல எறக்கி ஓட்டிப் பாத்தோம்ணே. ஃபுல் ஆக்சிலேட்டர் குடுத்தாலும் 2,200-க்கு மேல சுத்தல, கருகருன்னு புகை, போன் ஜிபிஎஸ்ல 7 நாட்டுக்கு (நாட்டு, அதாவது knot, மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) மேல ஏறல, அணியம் (போட்டோட முன்மூக்கு) மட்டும் வானத்தைப் பாத்துட்டு நிக்குது. அரை மணி நேரத்துல ஹீட் ஏறுது. இதுல கியர் வேற நியூட்ரலுக்கு வரமாட்டேங்குது, லீவரை ரெண்டு கையால இழுக்க வேண்டியதா இருக்கு. ஒருத்தர் டர்போ போடுங்கறாரு, இன்னொருத்தர் 6 சிலிண்டர் இஞ்சின் போட்டா பறக்கும்ங்கறாரு. இஞ்சின் பக்கத்துல தரை கொஞ்சம் மெத்துனு இருக்கு, அதைக் கடைசியில பாத்துக்கலாமா? – ஒரு வாசகர், திருநகர், மதுரை

பதில்: தம்பி, கடைசி வரியில போற போக்குல எழுதிருக்கீங்க பாருங்க அந்த மெத்துனு இருக்குற தரை, மொதல்ல அதைப் பேசுவோம். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான், அதைப் பாக்காம இஞ்சினுக்கு ஒத்த ரூபா செலவு பண்ணாதீங்க.

அந்தக் காலத்து ஃபைபர் போட்டு பூராம் ஃபைபர் இல்ல. தரைக்கு அடியில அணியத்துல இருந்து பின்பக்கம் வரைக்கும் நீளமா விலா எலும்பு மாதிரி ஓடும், ஸ்ட்ரிங்கர்னு சொல்லுவாங்க, அது உள்ள மரமோ பிளைவுட்டோ, மேல ஃபைபர் சுத்திருக்கும். உங்க இஞ்சின் உக்காந்திருக்கிறது அது மேலதான். பின்னாடி டிரைவு மாட்டிருக்கிற டிரான்ஸமும் (போட்டோட பின்சுவர்) அப்படித்தான், ரெண்டு ஃபைபருக்கு நடுவுல பிளைவுட். யாராவது ஒரு ஆணி, ஒரு ஸ்க்ரூ அடிச்சுட்டு சீல் வைக்காம விட்டிருந்தா போதும், அது வழியா தண்ணி எறங்கி வருஷக்கணக்கா உள்ள ஊறி மரம் மக்கிப் போயிருக்கும், வெளிய பாத்தா பளபளன்னு நிக்கும். சுத்தியலோட பின்பக்கத்தால ஒவ்வொரு சாணுக்கும் தட்டிட்டே வாங்க, நல்ல இடம் டக்குன்னு கேக்கும், செத்த இடம் பொத்துனு கேக்கும். சந்தேகமான இடத்துல உள்பக்கம் இருந்து 5 மில்லி பிட்டால ஒரு ஓட்டை போடுங்க, வெளித்தோல் வரைக்கும் போயிராதீங்க, காஞ்ச வெளிர் தூள் வந்தா தப்பிச்சீங்க, கறுப்பா ஈரமா வந்தா அந்த எலும்பு போச்சுன்னு அர்த்தம். அப்பறம் இஞ்சின் மவுண்ட்டு போல்ட்டை ஒருக்கா முறுக்கிப் பாருங்க, புடிமானமே இல்லாம சுத்திக்கிட்டே இருந்தா அதுவும் அதே கதைதான். டிரைவோட வாலைப் புடிச்சு ஒருத்தர் மேலயும் கீழயும் ஆட்டணும், இன்னொருத்தர் உள்ள இருந்து டிரான்ஸம் அசையுதான்னு பாக்கணும், அசைஞ்சா இஞ்சினை எறக்கிட்டுதான் மறுவேலை.

இதுல உங்களுக்கு ஒரு நல்லது இருக்கு. போட்டு கப்பலூர்ல நிக்குது. ஹல் (போட்டோட உடம்பு) காயுறதுக்கு அந்த வெயிலை விட நல்ல இடம் கிடையாது, கொச்சி ஈரக்காத்துல அது லேசுல காயாது. பில்ஜ் (போட்டோட அடிவயிறு, தண்ணி தேங்குற இடம்) அடைப்பானைக் கழட்டி, போட்டைப் பின்பக்கம் லேசா சாய்ச்சு நிப்பாட்டி, தரையைப் பேத்துட்டு விட்டுருங்க, மேல மட்டும் கூரை இருக்கட்டும்.

இப்ப இஞ்சினுக்கு வருவோம். உங்க இஞ்சின் மேல பெருசா தப்பு இருக்குற மாதிரி எனக்குத் தெரியல, ஜோடி சேத்த விதம்தான் தப்பு. கணக்கு போட்டுப் பாருங்க, புரியும். புரொப்பல்லர் எம்புட்டு வேகத்துல ஓட நினைக்குதுன்னு பாக்க இஞ்சின் சுத்தையும் பிட்ச்சையும் பெருக்கி, டிரைவு ரேஷியோவையும் 1,215-ஐயும் பெருக்கி வர்றதால வகுத்தா நாட்டுல விடை வரும். வி8-க்கு வந்த ஆல்ஃபா டிரைவுல ரேஷியோ 1.5 பக்கத்துல இருக்கும், அதாவது இஞ்சின் ஒன்றரை சுத்து சுத்துனா புரொப்பல்லர் ஒரு சுத்து. பழைய வி8 4,600 சுத்துல ஓடுனா 15 பிட்சுக்கு கிட்டத்தட்ட 38 நாட்டு, தண்ணியில வழுக்கல் அஞ்சுல ஒரு பங்கு போனா 30 நாட்டு, க்ரூசருக்கு அது சரியான ஜோடி. இப்ப உங்க டீசலோட 2,200-ஐ போடுங்க, 18 நாட்டு வருது. போட்டு போறது 7. அப்ப புரொப்பல்லர் தள்ளுறதுல பாதிக்கு மேல, 60 சதவீதம் சும்மா தண்ணியைக் கலக்கிட்டு இருக்கு. பழனி பஸ்ஸை டாப் கியர்ல வச்சு கொடைக்கானல் மலை ஏத்துற மாதிரிதான் உங்க இஞ்சின் கெடந்து தவிக்குது, கரும்புகை அதோட மூச்சிரைப்பு.

ஏன் 7-லயே நின்னு போச்சுன்னு கேப்பீங்க. தண்ணிக் கோட்டுல உங்க போட்டு நீளம் சுமாரா 21 அடி இருக்கும்னு வச்சுக்குவோம், 21-க்கு ஸ்கொயர் ரூட் எடுத்து 1.34-ஆல பெருக்குங்க, 6 நாட்டுக்குக் கொஞ்சம் மேல வரும். தண்ணியைப் பொளந்துட்டுப் போற இந்த நீளத்துப் போட்டுக்குப் பெரும்பாலும் அதான் எல்லை, அதைத் தாண்டணும்னா தானே எழுப்புன அலை மேல ஏறி சறுக்கணும், பிளேனிங்னு சொல்றது அதைத்தான். அதுக்கு நல்ல பவர் வேணும். என் கைக்கணக்கு ஒரு டன்னுக்கு 40-லிருந்து 50 ஹெச்பி. ஆளு, டீசல், தண்ணி, சாமான் எல்லாம் ஏத்துனா உங்க போட்டு 3 டன்னைத் தொடும், 85-ஐ 3-ஆல வகுத்தா 28 சொச்சம்தான் வருது. அதனால அது அலையோட முதுகுல ஏறப் பாத்து ஏற முடியாம பாதியில தொங்குது, அணியம் வானத்தைப் பாக்குறது அதனாலதான். எந்த புரொப்பல்லர் மாத்துனாலும் இந்த 85-ஐ வச்சு அது பறக்காது.

டர்போ யோசனையை விட்டுருங்க. டர்போவுக்குன்னு செஞ்ச இஞ்சின்ல பிஸ்டன் வேற, கம்ப்ரஷன் வேற, பிஸ்டனுக்கு அடியில ஆயில் பீச்சுற ஜெட்டெல்லாம் இருக்கும், சாதா இஞ்சின்ல டர்போவை ஒட்ட வச்சு நடுக்கடல்ல பிஸ்டன் ஓட்டையாகி நிக்கணுமா. 6 சிலிண்டர் அதுக்கும் மேல. அரை டன் பக்கம் எடை, சுத்து 2,400 தாண்டாது, அப்ப ரேஷியோ பொருத்தம் இன்னும் மோசமாகும், அது குடுக்குற முறுக்கு ஆல்ஃபா டிரைவோட பல்லை நொறுக்கிரும். போட்டு வேலை தெரிஞ்சவங்க யாரும் இதைச் சொல்லிருக்க மாட்டாங்க.

புகைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அதைச் செலவில்லாமப் பாத்துரலாம். இஞ்சின் பெட்டி மூடியைத் தொறந்து வச்சுட்டு கடல்ல ஃபுல்லா ஓட்டிப் பாருங்க. ஃபுல் சுத்துல அந்த மாதிரி இஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 லிட்டருக்கு மேல காத்தை இழுக்கும், மூடி தொறந்ததும் சுத்து ஏறி புகை கம்மியானா உள்ள காத்து பத்தலன்னு அர்த்தம், பெரிய வெண்ட்டு ரெண்டு வெட்டணும்.

கியர் விஷயம் சுவாரஸ்யமானது, இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. ஆல்ஃபா டிரைவுல கியர் மாத்துறது கீழ இருக்குற ஒரு டாக் கிளட்ச், அதாவது பல்லு பல்லோட கோத்துக்குற சமாச்சாரம். லோடுல இருக்கும்போது அது லேசுல விடாது. அதுக்காக அவங்க ஒரு சுவிட்ச் வச்சாங்க, லீவரை நியூட்ரலுக்கு இழுக்கும்போது அந்த சுவிட்ச் ஒரு நொடி பெட்ரோல் இஞ்சினோட ஸ்பார்க்கை கட் பண்ணும், இஞ்சின் தடுமாறும், அந்தக் கேப்புல பல்லு கழண்டுக்கும். உங்க டீசல்ல ஸ்பார்க்கே கிடையாது, அந்த சுவிட்ச் எதைக் கட் பண்ணும்? அதான் ரெண்டு கை தேவைப்படுது. இப்படியே இழுத்தா ஒரு நாள் ஷிப்ட் கேபிள் அறுந்து, ஜெட்டியில (போட்டு கட்டுற மேடை) கட்டப்போற நேரத்துல போட்டு முன்னாடியே ஓடும். ஐடிலை எம்புட்டு கீழ எறக்க முடியுமோ எறக்குங்க, கேபிளைப் புதுசாப் போடுங்க, நியூட்ரலுக்கு வரும்போது பைய இழுக்காம வெடுக்குன்னு இழுங்க. ஓரளவுக்குச் சரியாகும், முழுசா சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். அதே கம்பெனியோட பிராவோ டிரைவுல கோன் கிளட்ச், பல்லுக்குப் பதிலா கூம்பு உரசிப் புடிக்கும், இந்தத் தொல்லை இல்ல, ஆனா அதுக்கு டிரான்ஸம் சாமான்ல இருந்து மாத்தணும்.

ஹீட்டுக்கு வருவோம். கடல் தண்ணியை இஞ்சின் பிளாக்குக்குள்ளயே நேராச் சுத்த விட்டிருக்காங்களா, இல்ல நடுவுல ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கான்னு நீங்க எழுதல. நேராச் சுத்துனா ரெண்டு கேடு, ஒண்ணு துரு, இன்னொண்ணு உப்பு. தண்ணி ரொம்பச் சூடானா உப்பு உள்ளயே படிஞ்சு வழியை அடைச்சிரும், அதனாலதான் கடல் தண்ணி நேராப் போற பெட்ரோல் இஞ்சினுக்கு 60 டிகிரி தெர்மோஸ்டாட் போடுவாங்க. டீசலுக்கு அம்புட்டு குளிர்ச்சி ஆகாது. ஆக ஹீட் எக்ஸ்சேஞ்சர் கட்டாயம், இஞ்சினுக்குள்ள கூலண்ட் மட்டும் சுத்தும், கடல் தண்ணி எக்ஸ்சேஞ்சர் வழியாப் போய் அந்தக் கூலண்ட்டைக் குளிர வைக்கும். அடுத்து பம்ப். ஆல்ஃபாவுல தண்ணி இழுக்குற ரப்பர் இம்பெல்லர் டிரைவுக்குள்ள கீழ இருக்கு, 4,600 சுத்துற இஞ்சினைக் கணக்கு பண்ணி வச்சது, உங்க 2,200-க்கு அது பாதித் தண்ணிகூட தள்ளாது, அதுலயும் ரப்பர் கிழிஞ்சிருந்தா கேக்கவே வேணாம். இஞ்சின் பெல்ட்டுல இருந்து தனி கடல் தண்ணி பம்ப் ஓட்டுங்க, இழுக்குற வழியில ஒரு ஸ்ட்ரெய்னர் வைங்க, ஏன்னா மண்டபத்துக்கு வடக்க கடல்தாழை (கடல் புல்லு) ஏகப்பட்டது, ஒரு கொத்து போய் அடைச்சா போதும். செட்டுல ஸ்டார்ட் பண்ணும்போது தண்ணி குடுக்காம ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீங்க, இம்பெல்லர் கருகிரும்.

இன்னொண்ணு, வி8-க்கும் லாரி இஞ்சினுக்கும் நடுவுல பெல் ஹவுசிங் (ஃப்ளைவீலை மூடுற கூடு) ஒத்து வராது, யாரோ லேத்துல அடாப்டர் பிளேட் அடிச்சிருப்பாங்க. அது நடு சென்டர்ல இருக்கான்னு பாக்கணும். டிரைவைக் கழட்டிட்டு அலைன்மென்ட் பார்னு ஒரு கம்பியை ஜிம்பல் பேரிங் (டிரான்ஸம்ல டிரைவு ஷாஃப்டைத் தாங்குறது) வழியா கப்ளர் (ஷாஃப்ட் இஞ்சினோட கோக்குற இடம்) வரைக்கும் விடணும், ரெண்டு விரல்ல தள்ளுனா வழுக்கிட்டு உள்ள போகணும், சுத்தியல் தேவைப்பட்டா மவுண்ட்டை ஏத்தி எறக்கணும். அந்தக் கம்பி இல்லையா, புதூர் சிட்கோவுல நல்ல லேத்துக்காரர்கிட்ட டிரைவு ஷாஃப்ட் அளவைக் குடுத்து கடைஞ்சுக்கங்க. சுத்துற திசையைப் பத்தி கவலை வேணாம், ஃப்ளைவீல் பக்கம் நின்னு பாத்தா ரோட்டுல ஓடுற இஞ்சின்ல பெரும்பாலானது வி8 சுத்துன பக்கம்தான் சுத்தும்.

இப்ப முடிவு உங்க கையில, ரெண்டுல ஒண்ணு. புள்ளகுட்டியோட போய் தூண்டில் போட்டு, ராத்திரி கேபின்ல படுத்து, காலையில திரும்பி வர்ற ஆசைன்னா இந்த டீசலே போதும், 6 நாட்டுக்கு 25 ஹெச்பி இருந்தாப் போதும், மணிக்கு 5, 6 லிட்டர் டீசல். அதுக்கு டிரைவோட மேல்பாதியை மட்டும் மாத்துங்க. 4 சிலிண்டர் பெட்ரோலுக்கு வந்த ஆல்ஃபாவுல ரேஷியோ 1.84, 1.98னு வரும், கொச்சியில பழைய மேல்பாதி தேடுனா கிடைக்கும். 1.98 மாட்டி, இருக்குறதுலயே அகலமான இறக்கை வச்ச 11 பிட்ச் புரொப்பல்லர் போட்டா, 2,800 சுத்துல கணக்கு வேகம் 13 நாட்டுக்குள்ள வரும், வழுக்கல் போக 7 ஓடும், இஞ்சின் மூச்சு விடும். உங்க டிரைவுல உண்மையிலேயே என்ன ரேஷியோ இருக்குன்னு கையாலயே எண்ணிரலாம், பேட்டரியைக் கழட்டிட்டு கியர்ல போட்டு கிராங்க் புல்லியை 15 சுத்து சுத்துங்க, புரொப்பல்லர் 10 சுத்துனா 1.5. எதைப் போட்டாலும் பரீட்சை ஒண்ணுதான், ஆளு சாமான் எல்லாம் ஏத்தி ஃபுல் ஆக்சிலேட்டர்ல இஞ்சின் அதோட 3,000-ஐ தொடணும் இல்ல அதுக்குப் பக்கத்துலயாவது வரணும், தொடலன்னா பிட்ச் இன்னும் ஜாஸ்தி.

பறக்கணும்னு ஆசைன்னா டீசல், டிரைவு எல்லாத்தையும் வித்துட்டு, டிரான்ஸம் ஓட்டையை அடைச்சு, பின்னாடி பிராக்கெட் கட்டி ரெண்டு அவுட்போர்டு (போட்டுக்கு வெளிய தொங்குற இஞ்சின்) மாட்டுங்க, 3 டன்னுக்கு மொத்தம் 150 ஹெச்பிக்குக் குறையாம. அவுட்போர்டுன்னா பாம்பன், மண்டபத்துல கை வைக்க ஆள் இருக்கு, ஸ்டெர்ன் டிரைவுன்னா மெக்கானிக்கே தலையைச் சொறிவார். என்னைக் கேட்டா மொத வழிதான், ஏற்கனவே கையில இருக்குற இஞ்சின், அதுவும் மதுரையில எந்தக் கடையில கேட்டாலும் ஸ்பேர் கிடைக்குற இஞ்சின்.

கேள்வி: என்கிட்ட இதே மாதிரி 22 அடி போட்டு. டிரான்ஸம் மக்கிருச்சு. சாதா பிளைவுட் வச்சு, வாட்டர் டேங்க் ஒட்டுற ரெசின் ஊத்திரலாமா? எப்பாக்ஸிதான் போடணும்ங்கறாங்க, விலை கேட்டா மயக்கம் வருது. – ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: பிளைவுட்ல சிக்கனம் வேணாம், ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளை வாங்குங்க. ரெசின்ல பேரம் பேசலாம், ஆனா எங்கனு தெரிஞ்சு பேசணும். புதுசுக்கு மேல புதுசு ஊத்துறதுன்னா நீங்க சொல்ற வாட்டர் டேங்க் ரெசின், அதாவது பாலியஸ்டர், தாராளமா போதும், காஞ்சு கெட்டியான பழைய ஃபைபர் மேல ஒட்டும்போதுதான் அது கைவிடும், அங்க எப்பாக்ஸி நல்லாப் புடிக்கும். அதனால மரத்தைப் பழைய தோலோட ஒட்டுறதுக்கும் ஓரத்துல சேர்க்குறதுக்கும் மட்டும் எப்பாக்ஸி போட்டீங்கன்னா செலவு பாதியாயிரும். ஒண்ணு ஞாபகம் வைங்க, பொடிநூல் மேட்டுல (வெட்டுன ஃபைபர் நூலைப் பசை போட்டு ஒட்டுன விரிப்பு) இருக்குற பசை ஸ்டைரீன்ல கரையுறது, எப்பாக்ஸியில ஸ்டைரீன் இல்ல, அதனால எப்பாக்ஸிக்கு நெய்த துணி இல்ல பையாக்ஸியல் துணிதான். எப்பாக்ஸி மேல ஜெல்கோட் (ஃபைபரோட பளபள மேல்பூச்சு) சரியாப் புடிக்காது, பெயிண்ட் அடிச்சுக்கங்க. ஓரத்தை 12-க்கு 1 சரிவா தேச்சு எடுங்க, 5 மில்லி தோலுன்னா 6 சென்டிமீட்டர் சரிவு.

பாலியஸ்டர் கலக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர் ஃபைபர் பட்டறையில ஒரு டப்பாவுல கோபால்ட்டும் ஒரு டப்பாவுல கேட்டலிஸ்ட்டும் (ரெண்டும் ரெசினை இறுக வைக்கிற மருந்து) பக்கத்துல பக்கத்துல நிக்கும். அது ரெண்டும் நேரா கலந்துச்சுன்னா வெடிக்கும், தீப்புடிக்கும். மொதல்ல கோபால்ட்டை ரெசின்ல நல்லாக் கலக்கி, அப்பறம் தனியா கேட்டலிஸ்ட். ரெண்டுக்கும் ஒரே அளவுக் குப்பியைக்கூட பயன்படுத்தாதீங்க. சித்திரை வைகாசியில வேலைன்னா கேட்டலிஸ்ட்டை 1 சதவீதம் பக்கத்துல வச்சுக்கிட்டு விடியக்காலையில ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுருங்க, மதியம் கலக்குனா வாளியிலயே கல்லாயிரும்.

கேள்வி: லாரி இஞ்சின் 24 வோல்ட், போட்டு லைட்டு, பில்ஜ் பம்ப் எல்லாம் 12 வோல்ட். ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து மட்டும் 12 எடுத்து ஓட்டுறோம். மூணு மாசத்துக்கு ஒரு பேட்டரி போகுது. – ஒரு வாசகர், தொண்டி

பதில்: போகாம என்ன செய்யும்? நீங்க லைட்டு எடுக்குற பேட்டரி எந்நேரமும் பாதி காலி, பக்கத்துல இருக்குறது எந்நேரமும் ஃபுல், ஆல்டர்னேட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான், மொத்தம் 24-ஐ பாத்து ஏத்திக்கிட்டே இருக்கும். ஒண்ணு கொதிச்சுச் சாகும், ஒண்ணு பட்டினியில சாகும். 24-ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் ஒண்ணு போடுங்க, இல்லன்னா 12-க்கு தனி பேட்டரி, தனி ஆல்டர்னேட்டர். பில்ஜ் பம்ப் மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி நேரா பேட்டரியில ஃபியூஸோட இருக்கணும், சுவிட்சை அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டா போட்டு முங்கும்போது ஓடணும்ல.

கேள்வி: பெட்ரோல் வி8-யே தேடிப் புடிச்சு திரும்பப் போட்டா எல்லாப் பிரச்சினையும் முடிஞ்சிரும்ல? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பொருத்தம் முடிஞ்சிரும், பர்ஸ் முடிஞ்சிராம பாத்துக்கங்க. 260 ஹெச்பி வி8 ஃபுல்லா ஓடுனா மணிக்கு 90 லிட்டருக்கு மேல குடிக்கும், நிதானமா 25 நாட்டுல போனாலும் 45, 50 லிட்டர். அதே தூரத்துக்கு மெதுவா போற டீசலோட ரெண்டு மடங்கு. அதை விட பெருசு பாதுகாப்பு. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், மேல பறந்து போகாது, இஞ்சின் பெட்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கும். கார் ஸ்டார்ட்டர், கார் ஆல்டர்னேட்டர் ரெண்டும் பொறி பறக்குற சாமான், போட்டுக்குன்னு பொறி வெளிய வராம செஞ்சதுதான் போடணும், விலை கூடத்தான். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி குறைஞ்சது 4 நிமிஷம் ப்ளோயரை ஓட்டணும், மூக்கால ஒரு தடவ மோந்தும் பாக்கணும். கேபின்ல அடுப்பு வச்சு சமைக்கிறவங்க இதைப் படிச்சுட்டு யோசிங்க.

கேள்வி: ஸ்டெர்ன் டிரைவுல ஜிங்க் (அலுமினியத்துக்குப் பதிலா தான் அரிஞ்சு போற அனோடு கட்டி) மாத்திக்கிட்டே இருக்கேன், அப்படியும் அலுமினியம் பொரிஞ்சு போகுது. – ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: கீழ செம்பு கலந்த பெயிண்ட் அடிச்சிருக்கீங்களான்னு பாருங்க, அலுமினிய டிரைவுல செம்பு பெயிண்ட் கூடவே கூடாது, அதுவே அரிக்கும். அனோடு மேல பெயிண்ட் அடிச்சிருந்தாலும் வேலை செய்யாது. கடலுக்கு ஜிங்க் இல்ல அலுமினிய அனோடு, நல்ல தண்ணிக்கு மெக்னீசியம். அப்படியே டிரைவைச் சுத்தி இருக்குற ரப்பர் பெல்லோஸையும் பாத்துருங்க, அதுக்குள்ள சிப்பி ஒட்டி வளந்து கிழிச்சா தண்ணி நேரா உள்ளதான் வரும், போட்டு கட்டுன இடத்துலயே முங்குறதுக்கு அது ஒண்ணு போதும்.

கேள்வி: வைகை டேம்ல எறக்கி ஓட்டிப் பழகலாமா? இல்லன்னா எங்க, எப்ப எறக்கலாம்? – ஒரு வாசகர், ஆண்டிபட்டி

பதில்: டேமை மறந்துருங்க, அது குடிதண்ணிக்கும் பாசனத்துக்கும் கட்டுனது, சொந்த போட்டை எறக்க அங்க வழி இல்ல. ராமநாதபுரம் கடல்தான். எறக்குறதுக்கு முன்னாடி ரிஜிஸ்ட்ரேஷன், சர்வே, இன்சூரன்ஸ் மூணையும் துறைமுக ஆபீஸ்ல கேட்டு முடிச்சுருங்க, கடலோரப் போலீஸ் கண்டிப்பா நிறுத்துவாங்க, பேப்பர் இல்லாத கேபின் போட்டுன்னா அங்க சந்தேகம்தான் மொதல்ல வரும். இஞ்சின் மாத்திருந்தா மாத்துன இஞ்சின் நம்பர்தான் பேப்பர்ல இருக்கணும், திருநகர் தம்பிக்கும் சேத்துத்தான் சொல்றேன். மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் தேசியப் பூங்கா, எறங்கக் கூடாது.

காலம் பாத்துப் போங்க. கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற வைகாசி, ஆனியில தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், அப்ப வடகடல் (பாக் விரிகுடா) அமைதியா இருக்கும், ஐப்பசிக்கு மேல வாடை (வடக்குக் காத்து) வந்துட்டா தலைகீழ். பங்குனி ரெண்டு பக்கமும் தோது. வடகடல் ஆழம் கம்மி, கரையோரம் தாழை மண்டிக் கிடக்கும், டிரைவைப் பாதி தூக்கி வச்சு மெதுவாப் போங்க. 6 நாட்டு போட்டை வச்சுக்கிட்டு பாம்பன் கால்வாயில நீரோட்டத்தை எதுத்துப் போக நினைக்காதீங்க, அங்கன இழுப்பு பலமா இருக்கும், பாலத்தைத் தாண்டணும்னா துறைமுக ஆபீஸ்ல நேரம் கேட்டுட்டு, உள்ளூர் மீனவர் ஒருத்தரைக் கூட ஏத்திக்கிட்டுத்தான் போகணும். மொத தடவ எறக்கும்போது அரை மணி நேரம் ஜெட்டியில கட்டி வச்சே இஞ்சினை ஓட்டுங்க, பெல்லோஸ், ஷாஃப்ட் சீல், பில்ஜ் மூணுலயும் கை வச்சு ஈரம் பாத்துட்டு அப்பறம் கயிறை அவுங்க.